அம்மாவின் பின்னறை: நாங்கள் எண்ணிப் பார்த்த நான்கு வழிகள்

போன ஐப்பசி மழையில் கோத்தகிரியில் அம்மா வீட்டுப் பின்னறைக் கூரை ஒழுக ஆரம்பித்தது. தகரம் மாற்ற வந்த கொத்தனார் அறைக் கதவைத் திறந்து பார்த்தார். "இதைக் காலி பண்ணிட்டுச் சொல்லுங்கக்கா, வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான்கு வருடத்துக்கு அப்புறம் நானும் தம்பியும் அன்றைக்குத்தான் அந்த அறையை முழுசாகப் பார்த்தோம்.

வாசலில் தார்ப்பாய் விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தோம். குளியல் சோப்பு 42. ஐந்து கிலோ சோப்புத்தூள் பை மூன்று, மூன்றும் கல்லாக இறுகிவிட்டன. எதற்கோ இலவசமாக வந்த பிளாஸ்டிக் வாளி 9. சூரியகாந்தி எண்ணெய் ஐந்து லிட்டர் கேன் நான்கு, அதில் இரண்டு தேதி முடிந்தவை. ரவை 11 கிலோ. ஒரு சாக்கில் நிலக்கடலை ஆறு கிலோ. பால் கவர்களைக் கழுவிக் காயவைத்து, ரப்பர் பேண்ட் போட்ட கட்டுகள் பரண் முழுக்க. அந்த வீட்டில் இருப்பது அம்மா ஒருவர்தான். ஒரு வேளைக்கு அரை ஆழாக்கு அரிசி போட்டால் அவருக்கு மிஞ்சும்.

ரவை பாக்கெட் ஒன்றைப் பிரித்து முறத்தில் கவிழ்த்தேன். ரவை கொட்டவில்லை. நூலாம்படை மாதிரி இழை இழையாகப் பிடித்துக்கொண்டு, கவரோடு தொங்கியது. உள்ளே ஒரு வெள்ளைப் புழு நெளிந்தது. அம்மா என் கையிலிருந்து முறத்தை வாங்கிக்கொண்டார். "சலிச்சா சரியாப் போயிடும் புள்ள" என்று சல்லடையைத் தேடப் போனார்.

அந்த நேரத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம் மூன்று மாதம் நானும் தம்பியும் இதைப் பற்றியே பேசினோம். நாங்கள் யோசித்த வழிகளையும், சிலவற்றைச் செய்து பார்த்து ஏற்பட்டதையும் எழுதுகிறேன். மலையில் வீட்டுக்கு வீடு இந்த அறை இருக்கிறது என்பது பேசிப் பார்த்தால் தெரிகிறது.

வழிகளைச் சொல்வதற்கு முன்னால் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் இலங்கையில் நுவரெலியா பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். இரண்டு நாடும் போட்ட 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களில் ஒன்று அவருடையது. 1974-ல் மண்டபம் முகாம் வழியாக வந்து இறங்கியபோது அவருக்கு 17 வயது. அதற்கு முந்திய ஒரு வருடம்தான் இலங்கைத் தோட்டங்களில் அரிசியும் மாவும் கிடைக்காமல் பட்டினிச் சாவு விழுந்த காலம். அம்மா அதைப் பற்றி அதிகம் பேச மாட்டார். "மாவு வருதுன்னா விடியக்காலையிலேயே வரிசையில நிப்போம்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். இங்கே வந்து அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து, அப்பாவோடு சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக மிச்சம் பிடித்து அரை ஏக்கர் தேயிலை வாங்கினார். வாங்கிய சில வருடங்களிலேயே, 1990களின் கடைசியில், பச்சை இலை விலை சரிந்தது. பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டவில்லை. பிறகு 2009 நவம்பர். நீலகிரி மாவட்டம் முழுக்க மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையும் மலை ரயில் பாதையும் அறுந்தன. எங்கள் தெருக் கடையில் மூன்றே நாளில் பருப்பு தீர்ந்துபோனது. அம்மா வீட்டில் தீரவில்லை. அக்கம்பக்கத்தில் நான்கு வீட்டுக்கு அந்தப் பின்னறையிலிருந்துதான் பருப்பு போனது.

இதைத் தெரிந்துகொள்ளாமல் "எதுக்கும்மா இவ்வளவு" என்று கேட்டால் அந்தக் கேள்விக்கு அர்த்தமே இல்லை. ரேஷனில் 2011-லிருந்து அரிசி இலவசம், துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், இனி யாரும் பட்டினி கிடக்க மாட்டோம் என்று தம்பி கணக்குச் சொல்லிப் பார்த்தான். அம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அடுத்த வாரம் மேட்டுப்பாளையம் போய் மூன்று கிலோ உளுந்து வாங்கி வந்தார்.

முதலில் மனதில் வந்த வழி, அப்படியே விட்டுவிடுவது. அவர் உழைத்த காசு, அவர் வீடு, அவர் விருப்பம். "எழுபது வயசுல என்னத்த திருத்தப் போறீங்க" என்று சித்தப்பா சொன்னார். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வெலிங்டன் ராணுவக் கேண்டீனுக்கு மாதாமாதம் போய்விடுவார். கார்டில் அந்த மாதத்துக்கு உள்ளதை வாங்காமல் விட்டால் அவருக்கு மனசு கேட்காது. அவர் வீட்டிலும் ஷாம்பு பாட்டில் வரிசையாக நிற்கிறது. அதனால் அவர் அம்மா பக்கம் பேசுவது எதிர்பார்த்ததுதான். ஆனாலும் அவர் சொன்னதில் பாதி நியாயம் உண்டு. எந்தப் பாதி என்று கண்டுபிடிக்க, வாசலில் கிடந்த சாமானை வகை பிரித்தோம்.

சமவெளியில் செல்லுபடியாகிற கணக்கு இங்கே செல்லாது. குளிரில் வண்டு மெதுவாகத்தான் பெருகும், அது நமக்கு லாபம். ஆனால் ஈரம் நம் எதிரி. மேட்டுப்பாளையத்தில் மொறுமொறுவென்று இருந்த அப்பளம் கோத்தகிரி வந்த மூன்றாம் நாள் நமத்துவிடும். சில சாமான் எத்தனை வருடம் கிடந்தாலும் கெடாது. குளியல் சோப்பு காயக் காயக் கெட்டிப்படும், கரைவதும் குறையும், 42 சோப்பில் ஒன்றுகூட வீணில்லை. உப்பு கசிந்தாலும் வாணலியில் வறுத்தால் உதிர்ந்துவிடும். பழைய அரிசி பொலபொலவென்று வேகும், பழைய புளியைத் தேடி வாங்குகிறவர்களே உண்டு. இறுகிப்போன சோப்புத்தூளைத் தட்டி வெந்நீரில் கரைத்தால் துணி துவைக்கலாம். தேங்காய் எண்ணெய் உறைந்து கிடப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே அது உறையத்தான் செய்யும்.

துவரம் பருப்பு அப்படியில்லை. ஈரத்தில் வருடக்கணக்காகக் கிடந்த பருப்பு வேகவே வேகாது. கோத்தகிரி இருக்கும் உயரத்தில் தண்ணீர் கொதிப்பதே 94 டிகிரி வாக்கில். அம்மா குக்கர் வைக்க மாட்டார், பயம். பழைய பருப்பைப் பாத்திரத்தில் போட்டு முக்கால் மணி நேரம் அடுப்பெரித்தார் என்றால், கிலோவுக்கு மிச்சம் பிடித்த பத்து ரூபாய் கேஸில் போய்விட்டது. எண்ணெய் காறிவிடும். மிளகாய்த்தூள், மசாலாத்தூள், பிஸ்கட், ரவை எல்லாம் இங்கே ஒரு மழைக்காலம் தாண்டினால் சந்தேகம்தான்.

நிலக்கடலையில்தான் எனக்கு உண்மையான பயம். சாக்கைப் பிரித்தபோது அடியில் இருந்ததெல்லாம் பச்சையும் சாம்பலுமாகப் பூசணம் பூத்திருந்தது. அம்மா மேலாக இருந்ததை அள்ளிக் கழுவி, அடுப்பு மேட்டில் காயவைத்திருந்தார். கடலையில் பிடிக்கிற பூசணம் அஃப்ளடாக்ஸின் என்ற நஞ்சை உண்டாக்கக்கூடியது. கழுவினாலும் வறுத்தாலும் அது முழுசாகப் போகாது, ஈரலைக் கெடுக்கும். அம்மாவிடம் அதைச் சொன்னபோது முதலில் நம்பவில்லை. "உங்க பேரனுக்கு இதைக் குடுப்பீங்களா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கடலையைப் பார்த்தபடி இருந்தார். அப்புறம் அவரே அள்ளிக்கொண்டு போய்க் குழியில் கொட்டி மண்ணைத் தள்ளினார்.

ஆக, அப்படியே விடுவது என்ற வழி சோப்புக்கும் உப்புக்கும் வாளிக்கும் பொருந்தும். சாப்பிடுகிற பொருளுக்குப் பொருந்தாது. நடக்கிற வழியில் சாமான் அடுக்கியிருந்தாலும் பொருந்தாது, எழுபது வயதில் ஒரு தடுக்கல் போதும், இடுப்பெலும்பு முறிய.

இரண்டாவது வழி, சொல்லாமல் அகற்றுவது. இதை 2021-லேயே தம்பி செய்துவிட்டான். அம்மா ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த இரண்டு நாளில் வண்டி வைத்து அள்ளிவிட்டான். கெட்ட எண்ணமில்லை, வீடு சுத்தமாக இருக்கட்டும் என்றுதான். அம்மா திரும்பி வந்து அறையைப் பார்த்தார். திட்டவில்லை. அன்றிரவு சாப்பிடவில்லை. ஒரு மாதத்துக்குள் அறை திரும்ப நிரம்பியது, கதவுக்குப் பூட்டும் வந்தது. முன்பு என்ன வாங்கினார் என்று வாய்விட்டுச் சொல்வார், அதற்கப்புறம் மறைத்து வாங்க ஆரம்பித்தார். நான்கு வருடம் அந்த ரவை எங்கள் கண்ணில் படாமல் போனதற்குக் காரணம் இதுதான். நான்கு வழிகளில் இதைத்தான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஒருமுறை எல்லாவற்றையும் இழந்து கப்பலேறி வந்தவரிடமிருந்து திரும்பவும் எடுத்துக்கொள்வது பெரிய தப்பு. தம்பியும் அதை உணர்ந்துவிட்டான்.

மூன்றாவது, வாங்குகிற பொறுப்பை நாமே எடுத்துக்கொள்வது. மழை முடிந்த கையோடு இதைச் செய்து பார்த்தோம். மாதச் சாமானை நான் குன்னூரில் வாங்கி அனுப்பினேன். "நீங்க ஏம்மா மலை இறங்கி ஏறணும்" என்று அன்பாகத்தான் சொன்னோம். வீட்டில் தேவைக்கு மேல் ஒன்றும் சேரவில்லை. அந்தக் கணக்கில் பார்த்தால் இதுதான் வெற்றி.

ஆனால் மாதம் இரண்டு முறை பக்கத்து வீட்டு அக்காவோடு பஸ்ஸேறி மேட்டுப்பாளையம் போவது அம்மாவுக்குச் சாமான் வாங்குவதற்காக மட்டும் இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. மண்டிக் கடைக்காரரிடம் கிழங்கு விலை விசாரிப்பார், தோட்டத்தில் கூட வேலை பார்த்தவர்களைப் பஸ் ஸ்டாண்டில் பார்ப்பார், டீ குடிப்பார், திரும்பி வந்து இரண்டு நாள் அந்தக் கதையைப் பேசுவார். இரண்டு மாதத்தில் அதெல்லாம் நின்றது. போன் செய்தால் "நல்லாயிருக்கேன்" என்பதோடு சரி. பகலில் படுக்கிறவர் இல்லை, படுக்க ஆரம்பித்தார். மூன்றாம் மாதம் நானே "நீங்களே போய் வாங்கிக்குங்கம்மா" என்று சொல்லிவிட்டேன்.

இந்த வழியே சரியாக இருக்கும் வீடுகளும் உண்டு. வாங்கியதை மறந்து அதே பொருளை அன்றைக்கே திரும்ப வாங்குவது, சில்லறையைச் சரிபார்க்க முடியாமல் போவது, சிக்கனமாக இருந்தவர் திடீரென்று கண்டதை வாங்கிக் குவிப்பது என்று இருந்தால் அது பழக்கமில்லை, ஞாபகத்தில் ஏதோ கோளாறு. டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும். கிழிந்த காகிதத்தைக்கூடத் தூக்கிப்போட முடியாமல் தவிப்பது, படுக்க இடமில்லாத அளவுக்கு வீடு நிறைவது என்பதும் தனி நோய். 2013-லிருந்து மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் கையேட்டில் அதற்குத் தனி இடம் கொடுத்திருக்கிறார்கள். யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற இலவச எண் இருக்கிறது. அம்மாவுக்கு இதெல்லாம் இல்லை. ரசீது ஒவ்வொன்றையும் பிஸ்கட் டின்னில் தேதிவாரியாக வைத்திருப்பவர் அவர்.

அந்த டின்தான் நான்காவது வழிக்குக் கொண்டுபோனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் அடுப்படியில் உட்கார்ந்து ரசீதுகளைப் பரப்பினோம். மொத்தமாக வாங்கியதால், சலுகையில் வாங்கியதால், எங்கள் தெருக் கடை விலைக்கு எவ்வளவு மிச்சம் என்று அம்மாவே ஒவ்வொன்றாகச் சொன்னார், நான் கூட்டினேன். 2,150 ரூபாய் வந்தது. குறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை, அவ்வளவும் அவர் பேரம் பேசியும் கடை கடையாக ஏறி இறங்கியும் பிடித்த மிச்சம். அடுத்து, குழியில் போட்டதைக் கூட்டினோம். பத்து லிட்டர் எண்ணெய், ஆறு கிலோ கடலை, ஏழு கிலோ ரவை, மசாலா, பிஸ்கட். 3,400 ரூபாயைத் தாண்டியது. அம்மா பேனாவை வாங்கி இரண்டு எண்ணுக்கும் கீழே கோடு போட்டார். "ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்னு எங்கம்மா சொல்லும்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

வாங்குவதில் அவரை மிஞ்ச எங்கள் வீட்டில் ஆளில்லை. வாங்கியது போக இடமில்லை, அதுதான் குறை. அதனால் போக இடம் செய்தோம். குன்னூரில் என் வீடு, கோவையில் தம்பி வீடு, சித்தப்பா வீடு, பக்கத்து வீட்டு அக்கா. அம்மா வீட்டோடு சேர்த்து ஐந்து வீட்டுக்கும் அம்மாதான் கொள்முதல். எங்களுக்கு என்ன வேண்டும் என்று மாதம் பிறந்ததும் போனில் சொல்லிவிடுவோம், அடுப்படிக் கதவில் ஒட்டிய காலண்டர் தாளின் பின்பக்கம் அம்மா எழுதிக்கொள்வார். பணத்தை முன்னாலேயே கொடுத்துவிடுகிறோம். கேண்டீனில் மலிவாகக் கிடைப்பதைச் சித்தப்பா தன் குடும்பத் தேவைக்கு வாங்கிக்கொள்வார், அதை நாங்கள் பங்கு கேட்பதில்லை. மேட்டுப்பாளையத்தில் மூட்டை பிரிக்கிற விலைக்கு அம்மா வாங்குவார். பத்து நாளுக்குள் அவரவர் பங்கு போய்விட வேண்டும் என்பது ஒன்றுதான் கண்டிப்பு.

இது சுலபம் என்று நினைக்க வேண்டாம். தம்பி மனைவிக்கு முதலில் சம்மதமில்லை. அவள் வழக்கமாக வாங்கும் எண்ணெய் வேறு, மாமியார் அனுப்பும் எண்ணெய் வேறு. அவள் சமையலறை, அவள் சொல்வதும் நியாயம்தான். எண்ணெயும் மசாலாவும் அவரவர் வாங்கிக்கொள்வது, பருப்பு, புளி, மிளகாய், வெல்லம், சோப்பு இவை மட்டும் பங்கு என்று முடிவானது. எனக்கு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரி போய் மூட்டை தூக்கி வருவதில் போகிறது. போகிற நாளில் அம்மாவோடு சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.

இன்னொரு சின்ன விஷயம் நன்றாக வேலை செய்தது. பாக்கெட் பொருளில் இப்போது கிராமுக்கு அல்லது மில்லிக்கு இத்தனை என்று விலையை அச்சிட வேண்டும் என்பது சட்டம். எம்.ஆர்.பி. பக்கத்திலேயே பொடி எழுத்தில் இருக்கும். அதை அம்மாவுக்குக் காட்டிக்கொடுத்தேன், ஒரு பூதக்கண்ணாடியும் வாங்கிக் கொடுத்தேன். "ஃப்ரீ" என்று பெரிதாகப் போட்ட பாக்கெட்டை எடுத்து, பக்கத்து பாக்கெட்டின் கிராம் விலையோடு ஒப்பிட்டு, திரும்ப வைத்துவிட்டு வருகிறார். வாளி வரவு நின்றது அதனால்தான். பாக்கெட் மேல் தேதியை மார்க்கரில் பெரிதாக எழுதுவதும் அவரே. "பெஸ்ட் பிஃபோர்" என்று போட்டிருந்தால் அது ருசிக்கான தேதி, தாண்டினால் பிரித்துப் பார்த்து முடிவு செய்யலாம். "எக்ஸ்பைரி", "யூஸ் பை" என்றிருந்தால் தாண்டிய பிறகு தொடக்கூடாது. இந்த வித்தியாசத்தை அம்மா ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார்.

ஒரு விஷயத்தில் மட்டும் வழிகளை ஒப்பிட்டுக்கொண்டிருக்க எனக்குப் பொறுமையில்லை. தனக்குத் தானே செய்துகொள்ளும் சிக்கனம். அந்த அறையைக் காலி செய்தபோது ஒரு டப்பா நிறைய மீதி மாத்திரை கிடைத்தது. பிரஷர் மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டு மிச்சம் பிடித்திருக்கிறார். டிசம்பர் குளிரில் ஹீட்டர் போடாமல் பச்சைத் தண்ணீரில் குளித்திருக்கிறார். ராத்திரி கழிவறைக்குப் போகும் வழியில் விளக்கில்லை. இதில் பாதி நியாயம், மீதி நியாயம் என்று பேச இடமில்லை. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வந்து இலவசமாகத் தருகிறார்கள். அதில் பெயர் பதிந்தோம். விலையில்லாத மாத்திரையை மிச்சம் பிடிக்கக் காரணமில்லாமல் போனது, இப்போது தினமும் போடுகிறார். வழியில் எல்.இ.டி. பல்பு மாட்டி, ராத்திரி முழுக்க எரிந்தாலும் மாதத்துக்கு எத்தனை யூனிட் ஆகும் என்பதை எழுதியே காட்டினேன். ஹீட்டருக்கு இன்னும் சண்டைதான். நான் விடப்போவதில்லை.

பின்னறைக்குப் புதுத் தகரம் போட்டாயிற்று. சுவரோரம் ஒரு ஷெல்ஃப் இருக்கிறது, கீழ்த்தட்டில் இரண்டு மாதத்துக்கான அரிசி, பருப்பு, உப்பு, மெழுகுவத்தி. சாலை அறுந்தால் வேண்டும் என்று அம்மா கேட்டார், அது நியாயம், நானும் என் வீட்டில் அப்படி ஒரு தட்டு வைத்துவிட்டேன். சோப்பு இன்னும் 19 இருக்கிறது. பால் கவர் கட்டுகளைப் பழைய பேப்பர் கடையில் அவரே கொண்டுபோய்ப் போட்டு, கிடைத்த காசை எண்ணி டின்னில் வைத்தார்.

போன செவ்வாய்க்கிழமை காலையிலேயே போன் வந்தது. பின்னால் பஸ் ஹாரன் சத்தம்.

"புள்ள, துவரம் பருப்பு கிலோவுக்கு எட்டு ரூபா இறங்கியிருக்கு. உனக்கு எத்தனை?"

"ரெண்டும்மா."

"ரெண்டு போதுமா?"

"போதும்மா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. கடைக்காரரிடம் என்னவோ கேட்டார், காதில் விழவில்லை. "சரி, உனக்கு ரெண்டு, தம்பிக்கு மூணு, அக்காவுக்கு ஒண்ணு. எனக்கு இருக்கு, இந்த மாசம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.